'தி பிரெஸ்டீஜ்' படத்தின் முடிவு பார்வையாளரை ஏமாற்றுகிறதா?

மேடை மந்திரவாதிகள் இருவரின் பகையை இரண்டு மணி நேரம் விறுவிறுப்பாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒருவருக்கு இரட்டைச் சகோதரன், மற்றவருக்கு மாய இயந்திரம் என்று இரண்டு மலிவான விடைகளைக் கொடுத்துப் படம் தப்பித்துக்கொள்கிறதே, இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தைப் பற்றிய உங்கள் குறையில் ஓரளவு நியாயம் உண்டு. இரட்டையரைப் பற்றிய குறையில் சற்றும் இல்லை என்பது என் கருத்து. முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத வழியில்லை என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 1995இல் எழுதிய நாவலைத் தழுவி, கிறிஸ்டோபர் நோலன் தம் தம்பி ஜொனாதனுடன் சேர்ந்து திரைக்கதை எழுதி 2006இல் இயக்கிய படம் இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால லண்டனில், மந்திரவாதி ஏஞ்சியரின் மனைவி மேடையிலேயே தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கி இறக்கிறாள். அவள் கையில் முடிச்சுப் போட்டவன் மற்றொரு மந்திரவாதியான போர்டன். பகை அங்கே தொடங்குகிறது. பிறகு போர்டன், மேடையின் ஒரு கதவுக்குள் நுழைந்து அடுத்த கணமே எதிர்ப்பக்கக் கதவிலிருந்து வெளியே வரும் வித்தையைச் செய்து காட்ட, அதன் ரகசியத்தைத் தேடி ஏஞ்சியர் தன் வாழ்க்கையையே தொலைக்கிறான்.

இரட்டையர் என்ற விடையைத் தமிழர்களாகிய நாம்தான் உலகத்தில் எல்லோருக்கும் முன்பாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். 1940இல் பி. யு. சின்னப்பா நடித்த 'உத்தம புத்திரன்' தொடங்கி, 1965இல் எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை' வழியாக, இரட்டை வேடமும் ஆள் மாறாட்டமும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. ஆனால் நம் படங்களில் இருவர் இருக்கிறார்கள் என்பது கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும்; கதைக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. சாட்டையை எடுத்தது யார் என்று வில்லன் திகைக்கும்போது நாம் கைதட்டுவது அதனால்தான். நோலன் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறார். இங்கே இருவர் ஒரே பெயரையும் ஒரே வீட்டையும் பங்கிட்டுக்கொண்டு, ஒருவன் போர்டனாக இருக்கும் நாளில் மற்றவன் தாடி ஒட்டிக்கொண்டு ஃபாலன் என்ற உதவியாளனாக நிற்கிறான். ஒரே முகத்தில் இரண்டு ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இரண்டு ஆட்கள் சேர்ந்து ஒரே ஆளாக வாழ்வதைப் பார்க்கத் தெரியவில்லை.

கோத்தகிரியில் எங்கள் வீட்டில், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எம்.ஜி.ஆர். படங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய என் சித்தப்பாவோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். பாதிப் படத்திலேயே அவர், "ஏம்பா, இந்தத் தாடிக்காரன் மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "ஊமையா இருப்பான் போல" என்று அவரே முடித்துவிட்டு வறுத்த கடலையின் பக்கம் திரும்பிக்கொண்டார். விடை கைக்கு வந்ததையும் அதைக் கீழே போட்டதையும் ஒரே மூச்சில் செய்துவிட்டார். படம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

ஏனென்றால் படம் எதையும் மறைக்கவில்லை. வித்தைக்கான கருவிகளை வடிவமைக்கும் அனுபவசாலியான கட்டர், போர்டன் தன்னைப் போன்ற இன்னொரு ஆளை வைத்திருக்கிறான், அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது அவ்வளவு எளிதாக இருக்க முடியாது என்று ஏஞ்சியர் மறுக்கிறான். கதாநாயகன் மறுப்பதால் நாமும் மறுக்கிறோம். போர்டனின் மனைவி சாரா, இன்று நீ சொல்லும் 'காதலிக்கிறேன்' உண்மையில்லை என்று கணவனின் கண்ணைப் பார்த்தே சொல்கிறாள். துப்பாக்கிக் குண்டைக் கையால் பிடிக்கும் வித்தையில் போர்டன் இரண்டு விரல்களை இழக்கிறான். ஆறிக்கொண்டிருக்க வேண்டிய அந்தக் காயம் இன்றுதான் பட்டதுபோல மறுபடி இரத்தம் கசிவதைப் பார்த்து அவள் திகைக்கிறாள். மற்றவனின் விரல்களும் உளியால் வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கமே கிடையாது. இரண்டாம் முறை பார்க்கும்போது இந்தக் காட்சியைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த வெறிக்கு முன்னுதாரணமாகப் படத்திலேயே சுங் லிங் சூ என்ற சீன மந்திரவாதி வருகிறார். நீர் நிறைந்த மீன்தொட்டியை அங்கிக்குள் முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு மேடையேற வேண்டியிருப்பதால், மேடைக்கு வெளியிலும் வாழ்நாள் முழுவதும் தள்ளாடும் முடவராகவே அவர் நடிக்கிறார் என்பதைப் போர்டன் ஒரே பார்வையில் கண்டுகொள்கிறான். ஏஞ்சியரால் அதை நம்பவே முடியவில்லை. வரலாற்றில் இருந்த சுங் லிங் சூவின் கதை இதைவிட விசித்திரமானது. அவர் சீனரே அல்லர். வில்லியம் எல்ஸ்வொர்த் ராபின்சன் என்ற அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற உண்மையான சீன மந்திரவாதியைப் பார்த்துப் பெயரையும் வேடத்தையும் வித்தைகளையும் எடுத்துக்கொண்டவர். 1905இல் லண்டனுக்கு வந்த ஃபூ அவருக்குப் பகிரங்கமாகச் சவால் விட்ட பிறகும்கூட மக்கள் கூட்டம் போலியின் பக்கமே இருந்தது. மேடையில் ஆங்கிலம் பேசாமல், நிருபர்களிடமும் மொழிபெயர்ப்பாளரை வைத்தே பேசி ஆண்டுக்கணக்கில் அந்த வேடத்தைக் காப்பாற்றினார். 1918 மார்ச் 23 அன்று லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில், அதே குண்டு பிடிக்கும் வித்தையில் துப்பாக்கி உண்மையாகவே சுட்டுவிட, மார்பில் குண்டோடு ஆங்கிலத்தில் பேசித் திரையை இறக்கச் சொன்னார், மறுநாள் இறந்தார். இரட்டையராக வாழ்வது நம்பத்தகாதது என்பவர்கள் இவரைப் பற்றிப் படித்துவிட்டு வரலாம்.

விடை மலிவாக இருக்கிறது என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். மேடை வித்தையின் விடை எப்போதுமே மலிவாகத்தான் இருக்கும். பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை 1921இல் லண்டனில் முதலில் மேடையேற்றியவர் பி. டி. செல்பிட், அதை அமெரிக்காவில் தமதாக்கிக்கொண்ட ஹோரஸ் கோல்டின், போட்டியாளர்களைத் தடுக்க 1923இல் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை வாங்க வேண்டுமானால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டுமே! எழுதிக் கொடுத்ததை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1933இல் சிகரெட் நிறுவனம் ஒன்று அந்த ரகசியத்தைத் தன் விளம்பரத்திலேயே போட்டு உடைத்தது. கோல்டின் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரே பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். போர்டனின் ரகசியமும் அதே இனம்.

இயந்திரத்தைப் பற்றிய உங்கள் வாதம் வலுவானது. மேடை வித்தையின் விதிகளுக்குள் நடந்துகொண்டிருந்த கதைக்குள், மின்சார விஞ்ஞானி நிகோலா டெஸ்லா ஆளையே நகலெடுக்கும் பெட்டியோடு நுழைவது விதியை மீறுவதுதான். டெஸ்லா 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மலையூரில் ஆய்வுக்கூடம் அமைத்தது உண்மை. நகலெடுக்கும் பெட்டி முழுக்கக் கற்பனை. ஆனாலும், பனிவெளியில் நட்டுவைத்த பல்புகள் கம்பியே இல்லாமல் எரியும் அந்தக் காட்சி எங்களைப் போன்ற மலைவாசிகளுக்கு வேறு விதமாகப் படுகிறது. சில ஆண்டுகள் தள்ளி, இங்கே காட்டேரி அருவியின் நீரில் மின்சாரம் எடுத்து அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை ஓட்டினார்கள். அதை முதன்முதலில் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அறிவியல் எது, மந்திரம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்குமா என்ன? அந்தக் காலத்தின் மயக்கத்தை நோலன் நேர்மையாகவே பயன்படுத்துகிறார். மேலும் படத்தின் முதல் காட்சியே காட்டுத் தரையில் சிதறிக் கிடக்கும் தொப்பிகள்தான்; இயந்திரத்தையும் அவர் ஒளித்துவைக்கவில்லை.

முக்கியமாக, இயந்திரம் ஏஞ்சியருக்கு எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் கூண்டோடு பறவை மறையும் வித்தையைப் பார்த்து அழும் சிறுவன், காட்டப்பட்ட பறவையின் சகோதரன் எங்கே என்று கேட்கிறான். நசுங்கிய பறவை மேடைக்குப் பின்னால் குப்பைக்குப் போகிறது. (இது சினிமாக்காரர்கள் இட்டுக்கட்டிய சந்தேகம் அல்ல, கூண்டு வித்தையில் பறவை சாகிறது என்று எழுந்த புகாருக்காக 1921இல் கார்ல் ஹெர்ட்ஸ் என்ற மந்திரவாதி பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு அதைச் செய்துகாட்டிப் பறவை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.) ஒவ்வொரு இரவும் மேடைக்கு அடியில் பூட்டிய தொட்டியில் ஓர் ஏஞ்சியர் மூழ்கிச் சாக, இன்னோர் ஏஞ்சியர் மாடத்தில் நின்று கைதட்டல் வாங்குகிறான். சிறுவன் கேட்ட அதே கேள்விதான்; இப்போது பறவைக்குப் பதில் மனிதன். போர்டன் சகோதரர்கள் பாதி வாழ்க்கையைக் கொடுத்து வாங்கியதை, ஏஞ்சியர் தினமும் ஓர் உயிரைக் கொடுத்து வாங்குகிறான். இந்த ஒப்பீட்டுக்காகவே இயந்திரம் கதைக்குத் தேவைப்படுகிறது. அது சாதாரணக் கருவியாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு நேராகியிருக்காது.

எனக்குள்ள குறைகள் வேறு. ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்த ஒலிவியா, இரண்டு ஆண்களுக்கும் இடையே குறிப்பேட்டைக் கொண்டு செல்லும் தபால்காரியாகச் சுருங்கிவிடுகிறாள். சாராவின் மரணத்துக்குப் படம் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுக்கவில்லை. கடைசிப் பத்து நிமிடங்களில் ஏற்கெனவே காட்டியதை எல்லாம் இன்னொரு முறை காட்டி வாய்விட்டு விளக்கவும் வேண்டியதில்லை. அவ்வளவு நேரம் பார்வையாளரின் கண்ணை நம்பிய இயக்குநர் அந்த இடத்தில் மட்டும் ஏன் தயங்கினார் என்று தெரியவில்லை. முடிவின் மீது உங்களுக்கு எரிச்சல் வந்ததற்குக்கூட, விடைகளைவிட அவற்றை எடுத்து ஊட்டிய விதமே காரணமாக இருக்கலாம்.