பூலைப் பெரிதாக்குவதற்கு முன்னால்

கேள்வி: எங்கள் ஜாவா சர்வீஸ் அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் 4.5 லைப்ரரி வழியாக இன்னொரு ஏபிஐயைக் கூப்பிடுகிறது. ரீஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடுகிறது, சில மணி நேரத்தில் "டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் கனெக்ஷன் ஃப்ரம் பூல்" என்று எரர் வந்து குவிகிறது. பூலின் (கனெக்ஷன்களை மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் இடத்தின்) மொத்த அளவை 20லிருந்து 200 ஆக்கியும் தீரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு சந்தேகம். மொத்த அளவை மட்டும் கூட்டினீர்களா? இந்த 4.5இல் ஒரு ரூட்டுக்கு, அதாவது ஒரே சர்வருக்கு, டீஃபால்ட்டாகக் கிடைப்பது 2 கனெக்ஷன்தான். அதைத் தொடாமல் மொத்தத்தை 200 ஆக்கினாலும் உங்கள் ஏபிஐக்கு அதே 2தான்.

ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது என்கிறீர்களே, அது லீக்கின், அதாவது வாங்கிய கனெக்ஷன் பூலுக்குத் திரும்பாமல் போவதன், நடை. பூலை நிர்வகிக்கும் கனெக்ஷன் மேனேஜரிடம் டோட்டல் ஸ்டாட்ஸ் (மொத்தக் கணக்கு) கேட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை லாகில் எழுதுங்கள். டிராஃபிக் அடங்கிய பிறகும் லீஸ்டு (இப்போது பயன்பாட்டில் வெளியே போயிருக்கும் கனெக்ஷன்) எண்ணிக்கை இறங்காமல் நின்றால் எங்கோ வாங்கிய கனெக்ஷனைத் திருப்பித் தரவில்லை. இறங்கிவிட்டால் லீக் இல்லை, எதிர்முனை மெதுவாகிவிட்டது அல்லது பூல் உண்மையிலேயே சிறியது.

லீக் பெரும்பாலும் ஒளிந்திருப்பது எரர் வரும் பாதையில்தான். பதிலின் நிலைக் குறியீடு 200 (வெற்றி) என்றால் பாடியை, அதாவது பதிலின் உள்ளடக்கத்தை, கடைசிவரை படிக்கிறோம், கனெக்ஷன் தானாகப் பூலுக்குத் திரும்பிவிடுகிறது, 500 (சர்வர் எரர்) வந்தாலோ பாடியைத் தொடாமல் அப்படியே எக்செப்ஷன் எறிந்துவிட்டுப் போகிறோம், அந்த கனெக்ஷன் போனது போனதுதான். நானும் இதில் மாட்டி, ஒரு நாள் முழுக்க நெட்வொர்க்கைத் திட்டியிருக்கிறேன். ரெஸ்பான்ஸை, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸுக்குள் வையுங்கள், மூடும் முன் பாடியையும் படித்துத் தீர்த்துவிடுங்கள். படிக்காமல் மூடினால் லீக் ஆகாது, ஆனால் கனெக்ஷன் அறுந்துபோகும், மறுபடி பயன்படாது.

லீக் இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 50 கால், ஒவ்வொன்றும் 0.2 நொடி என்றால் சராசரியாக 10 கனெக்ஷன் போதும். அதே கால் 2 நொடி இழுத்தால் 100 வேண்டும். அதனால் பூலைப் பெருக்குவதைவிட சாக்கெட் டைம்அவுட்டை (எதிர்முனையிலிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரத்தை) குறைப்பதுதான் என் முதல் வேலையாக இருக்கும். பூலுக்காகக் காத்திருக்கும் டைம்அவுட்டை நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் எரராவது வருகிறது. அதை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் த்ரெட்கள் சத்தமே இல்லாமல் தொங்கும், ஜேஸ்டாக் (த்ரெட்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜாவா கருவி) எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது கிளையண்ட் உருவாக்கித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.