“பேஸ்” என்றால் என்ன, அக்கா?

கேள்வி: எனக்கு வயது 38. பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஒரு மாதமாகக் காலையில் ஓடிப் பழகுகிறேன். டவுனில் ஓடும் பெண்கள் என்னையும் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) “ஞாயிறு ஈஸி ரன், பேஸ் 7:30, கேடன்ஸ் குறையாம பாத்துக்குங்க” என்று வருகிறது. ஒன்றும் புரியாமல் கட்டைவிரல் படத்தை மட்டும் போடுகிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது. இந்தச் சொற்களை எங்கே படிப்பது? ஓட்டத்துக்கென்று கைக்கடிகாரம் வாங்க வேண்டுமா?

பதில்: தங்கச்சி, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வாரத்தில் மறந்துவிடும். உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட சொல்தான் நிற்கும். அதிலும் பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. “பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமா வந்தேன்” என்கிறோமே, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியே அதுதான்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஈஸி ரன் என்பது நம் தொங்கோட்டம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது ஈஸி. மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் டெம்போ.

பேஸ்தான் உங்களைக் குழப்பியிருக்கும். மோட்டார் சைக்கிளில் எண் ஏறினால் வேகம். இங்கே எண் இறங்கினால்தான் வேகம். ஏனென்றால் பேஸ் சொல்வது ஒரு கிலோமீட்டர் கடக்க எத்தனை நிமிடம் என்பதை. 7:30 என்றால் ஏழரை நிமிடம், மணிக்கு 8 கிலோமீட்டர். உங்களுக்கு 9 வந்தால் 5 கிலோமீட்டருக்கு 45 நிமிடம். ஒரு மாதம் ஓடியவருக்கு அது நல்ல எண், நம்புங்கள்.

மற்றதற்குத் தோட்டத்துச் சாலையே போதும். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஒரு நிரையை ஒட்டி 11 இடைவெளி கடந்தால் ஏறக்குறைய 100 மீட்டர். அந்த மரம் வரை விரட்டி ஓடுங்கள், மூச்சு அடங்கும் வரை தொங்கோட்டம், பிறகு கண்ணில் படும் இன்னொரு மரம். இதற்கு ஃபார்ட்லெக் என்று பெயர். 1930களில் ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கியது. அவர்கள் மொழியில் ‘வேக விளையாட்டு’ என்று பொருள். தூரத்தையும் ஓய்வையும் முன்கூட்டியே அளந்து வைத்து ஓடினால் அது இண்டர்வல். “400 நாலு தரம்” என்று செய்தி வந்தால், 400 மீட்டர் ஓடுபாதையில் நான்கு சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓய்வு. நம் மலேசிய வீராங்கனை எம். ராஜமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது அந்த ஒரு சுற்றில்தான்.

கேடன்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்ற கணக்கு. வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். “180 இருக்கணும்” என்று யாராவது சொல்வார்கள். அந்த எண், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் அடிகளைப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தது. ஒலிம்பிக் வீரர்கள் போட்டியில் ஓடிய ஓட்டம் அது. நான் தொடங்கிய புதிதில் ஒருவர் சொன்னாரென்று அந்த எண்ணைத் துரத்தினேன். கெண்டைக்கால் இறுகி, மூன்று வாரம் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். இப்போதைக்கு உங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும், மாற்ற முயல வேண்டாம்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது வேறு சில சொற்கள் வரும். பிப் என்பது நெஞ்சில் குத்தும் எண். கட்-ஆஃப் என்பது ஓடி முடிக்கக் கொடுக்கும் கடைசி நேரம். பணம் கட்டுமுன் இதைக் கட்டாயம் பாருங்கள். ஊரில் எந்த ஓட்டத்தையும் மாரத்தான் என்றுவிடுகிறோம். உண்மையில் அது 42.195 கிலோமீட்டர் மட்டும்தான்.

கடிகாரம் இப்போது வேண்டாம். கைப்பேசியே தூரமும் நேரமும் காட்டும். அந்தப் பணத்தில் ஒளி பட்டால் மின்னும் மேலங்கி வாங்குங்கள். நம் பக்கம் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, குலை ஏற்றும் லாரி அதற்கு முன்பே சாலைக்கு வந்துவிடும்.

இந்த ஞாயிறு கட்டைவிரல் போடாதீர்கள். “எனக்கு பேஸ் 9 வருது, யார் என்கூட வர்றீங்க?” என்று எழுதுங்கள். 7:30-ஐப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் இன்னொருத்தி அந்தக் குழுவில் இருப்பாள்.