கூடாரம், குக்கர், பாறை ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

மகள் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். அக்டோபரில் அதே மாநிலத்திலுள்ள கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறாள். பாலைவனம்தானே, ஆளுக்கொரு போர்வை போதாதா?
– வாசகி, வில்லாபுரம்

போதாது. அங்குள்ள ஃப்ரூட்டா முகாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,660 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிட 450 மீட்டர் அளவுக்குத்தான் தாழ்வு. காற்றில் ஈரம் இல்லாததால் பகலில் தரை வாங்கிய சூடு பொழுது சாய்ந்ததும் நிற்காது. அக்டோபரில் பகல் 18–20 டிகிரி செல்சியஸ், இரவு 6–7 டிகிரி. மாதக் கடைசியில் உறைநிலைக்கே இறங்கலாம்.

குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அதனால் மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே காற்றடைத்த மெத்தையோ தடித்த நுரை விரிப்போ இல்லையென்றால் விடிய விடிய முழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூங்கும் பை வாங்கும்போது 20 டிகிரி ஃபாரன்ஹீட் (மைனஸ் 7 செல்சியஸ்) என்று போட்டதாகப் பாருங்கள். பையில் அச்சிட்ட எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை. சுகமாகத் தூங்கும் எல்லை அல்ல. கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம்.

முகாமில் 71 இடங்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை முன்பதிவுதான். ஆறு மாதம் முன்னதாகத் திறப்பார்கள். அக்டோபருக்கு ஏப்ரலிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு, குளியலறை கிடையாது.

அங்கே நம் சாப்பாடு சமைக்க முடியுமா? சாதம் வேகாது என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

300 மீட்டர் உயரம் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். ஃப்ரூட்டாவில் 94–95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேகும், ஆனால் நேரமும் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். துவரம்பருப்பு லேசில் மசியாது. 3 லிட்டர் குக்கர் ஒன்று கொண்டுபோனால் இரண்டு கவலையும் தீரும். வழக்கத்தைவிட ஒரு விசில் சேர்த்து விடுங்கள்.

விசிலே வராவிட்டால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள். காற்று சுடரை அடித்துக்கொண்டு போயிருக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள். அடுப்பையும் கேஸ் குப்பியையும் சேர்த்துச் சுற்றி மூடினால் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும்.

கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. அங்கேதான் வாங்க வேண்டும். மேசை அடுப்புக்கான நீளமான பியூட்டேன் குப்பி விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும். எரிய எரிய குப்பி இன்னும் குளிரும் என்பதால், அதிகாலை காபிக்கு அடுப்பு மூட்டும்போது சுடர் மினுக்கி அணைந்துவிடும். ஐசோபியூட்டேன் கலவைக்கு மைனஸ் 11, 12 டிகிரி வரை தெம்பு உண்டு. எந்தக் குப்பியானாலும் கூடாரத்துக்குள் சமைக்கவே கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. விறகு பொறுக்கவும் அனுமதி இல்லை.

வறண்ட ஊரில் வெள்ளம் வருமா? ஓடைக்கரை சமதளமாக இருக்கிறதே, கூடாரம் போட்டால் என்ன?
– வாசகர், திருமங்கலம்

கும்பக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொடை மலையில் பெய்த மழை அருவியில் வந்து இறங்குமே, அதே கதைதான். அங்கே பாறை மொத்தமும் மொட்டை. மண் உறிஞ்சுவது கொஞ்சம். மழை விழுந்த வேகத்தில் ஓடி, சில மீட்டர் அகலமே உள்ள இடுக்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அபாயம் அதிகம். ஆனால் காலண்டரை நம்பிவிட முடியாது: 2022-இல் ஜூன் மாதமே கேபிடல் ரீஃபில் வெள்ளம் வந்து சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

ஓடைக்கரை சமமாக இருப்பதே தண்ணீர் வந்து நிரவியதால்தான். குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் தங்குங்கள். கிராண்ட் வாஷ், கேபிடல் கார்ஜ் இடுக்குகளுக்குப் போகுமுன் பார்வையாளர் மையத்தில் அன்றைய எச்சரிக்கையைக் கேளுங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது.

எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கருங்காலக்குடியின் வெள்ளைப் பாறை ஓவியங்கள் வெயிலில் மங்கலாகத் தெரிகின்றன. தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரிகிறது. தவறா? அமெரிக்கப் பாறை ஓவியமும் இதே மாதிரிதானா?
– வாசகர், மேலூர்

தவறுதான். தண்ணீர் காயும்போது அதில் கரைந்திருக்கும் உப்பு ஓவியத்தின் மேலேயே படியும். இன்றைக்குப் பளிச்சென்று பார்த்ததற்கு விலை, நாளைக்கு ஒரு வெண்படலம். சாக்பீஸால் கோடு போட்டு வரைவது அதைவிட மோசம். குடையை விரித்து நிழல் விழ வையுங்கள், கண் பழக இரண்டு நிமிடம் பொறுங்கள், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்துப் பிறகு போனில் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். காவிச் சிவப்பு ஓவியங்களுக்கு டி-ஸ்ட்ரெச் என்ற மென்பொருள் நன்றாகக் கைகொடுக்கும்.

கேபிடல் ரீஃபில் பெரும்பாலானவை தீட்டியவை அல்ல, கொத்தியவை. பாறை மேல் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து கரும்படலமாகப் படிந்திருக்கும். அதைக் கொத்தி நீக்கினால் உள்ளே வெளிர்நிறப் பாறை தெரியும். ஏறத்தாழ கி.பி. 300 முதல் 1300 வரை அங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் கொத்தியவை. தோள் அகன்று இடை குறுகிய மனித உருவங்கள், தலையில் அணிகள், பக்கத்தில் வளைகொம்பு ஆடுகள். நெடுஞ்சாலை 24-இல் பார்வையாளர் மையத்துக்குக் கிழக்கே 2 கிலோமீட்டருக்குள் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. சில உருவங்கள் உயரத்தில் இருப்பதால் பைனாகுலர் அவசியம். இவற்றுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் நல்லது, உச்சிவெயில் ஆகாது. தொட்டால் விரல் எண்ணெய் பாறையில் ஊறி நிறத்தை மாற்றும்.

கேபிடல் கார்ஜில் 1871 முதல் வந்தவர்கள் தங்கள் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி, ‘நாமும் வெட்டினால் என்ன?’ என்று கேட்பவர் உண்டு. 1979-இன் கூட்டாட்சிச் சட்டப்படி, தொல்பொருளைச் சேதப்படுத்தினால் முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். சேதம் பெரிதென்றால் தண்டனையும் கூடும். சமணப் படுக்கைகளில் பெயின்ட்டால் இதயம் வரைகிற நம்மூர்க்காரர்களும் இந்த வரியைப் படிக்கலாம்.

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி மலையில் ஒரு இரவு கூடாரம் போட ஆசை. முடியுமா?
– வாசகர், கே.கே.நகர்

வேண்டாம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறுகளும் கழுகுகளும் வாழும் பாறைகள் அவை. இரவு விளக்கும் பேச்சும் அவற்றுக்கு ஆகாது. தவிர, வெறும் பாறையில் கூடார முளை இறங்காது. பகலில் காய்ந்த பாறை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். மார்கழி, தையில் விடிந்ததும் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.