பகடையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்து நண்பர்கள் ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை போட்டும் ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு அது. கதையை நடத்தும் டிஎம் நான்தான். இந்த முறை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையையே களமாக வைத்தேன். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, பொழுது சாய்வதற்குள் உச்சியிலுள்ள குகைக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எதிர்ப்படுவதையெல்லாம் பகடை போட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். ஓநாய், கொள்ளையர், மறுபடி ஓநாய், பூதம். ஆறாவது வளைவுக்குள் நான்கு சண்டை. எதற்காக ஏறுகிறோம் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. இனி பகடையை விட்டுவிட்டு நானே முடிவு செய்யலாமா?

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். பகடை இருக்கட்டும், பட்டியலை மாற்றுங்கள்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த இந்த விளையாட்டின் முதல் விதிப் புத்தகங்களிலேயே இப்படி வழியில் எதிர்ப்படும் பிராணிகள் உண்டு. ஆனால் அந்தக் காலத்து விதிகளில் அனுபவப் புள்ளி, அதாவது பாத்திரம் வலுப்பெறச் சேர்க்கும் புள்ளி, பெரும்பாலும் புதையலுக்குத்தான். வழியில் வரும் பிராணியிடம் புதையல் அநேகமாக இருக்காது. அதோடு மோதினால் காயம்தான் மிச்சம். அதனால் ஆடுகிறவர்கள் ஒளிந்தார்கள், பேரம் பேசினார்கள், ஓடினார்கள். நேரம் போகப் போகத்தான் பகடை விழும் என்பதால், தாமதித்ததற்குக் கொடுக்கும் விலைதான் அந்தப் பகடை. பின்னால் வந்த பதிப்புகளில் பிராணியை வீழ்த்தினாலே புள்ளி என்று ஆனபோது, எது எதிர்ப்பட்டாலும் வாளை உருவும் பழக்கம் வந்துவிட்டது.

உங்கள் கதையில் பொழுது சாய்வதற்குள் என்று கெடு இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வளைவுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையைப் போடுங்கள், 1 விழுந்தால் மட்டும் ஏதாவது எதிர்ப்படட்டும். உட்கார்ந்து விவாதம் செய்தாலோ புதருக்குள் தேடினாலோ இன்னொரு முறை போடுங்கள். அப்புறம் பாருங்கள், அவர்களே ஒருவரை ஒருவர் கிளப்புவார்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அந்த ஓநாய் விதிப் புத்தகத்திலிருந்து வந்தது, மலையிலிருந்து வரவில்லை. பட்டியலை 2 முதல் 12 வரை எண் போட்டு எழுதி, இரண்டு ஆறுமுகப் பகடையைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 6, 7, 8 மட்டும் 16 முறை. அந்த இடங்களில் மலையின் அன்றாடத்தை வையுங்கள்: வளைவுத் திட்டில் குரங்குக் கூட்டம், மிளகு மூட்டையோடு இறங்குகிறவர்கள், திடீரென்று இறங்கும் பனிமூட்டம். 2-ம் 12-ம் 36-ல் ஒவ்வொரு முறைதான் வரும். பூதத்துக்கு அந்த இடம் போதும்.

எதை எழுதினாலும் அது அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘காட்டெருமை’ என்று மட்டும் எழுதினால் சண்டைதான் வரும். ‘கன்றைத் தேடும் காட்டெருமை’ என்று எழுதிப் பாருங்கள். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே நின்று மூச்சு விடுகிறது. கன்று ரோட்டுக்கு இந்தப் பக்கம், உங்கள் ஆட்களுக்குப் பின்னால். இப்போது யாருக்கும் வாள் ஞாபகத்துக்கு வராது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதற்கும் பகடை போடுங்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற காட்டெருமையும் பனிக்குள் பத்தடியில் முளைக்கிற காட்டெருமையும் ஒன்றல்ல.

பழைய விதிகளில் இன்னொரு அருமையான வழக்கம் உண்டு. எதிரே வந்தவரின் மனநிலைக்கும் இரண்டு பகடை. 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் நட்பு, நடுவில் விழுந்தால் தயக்கம். உங்கள் கொள்ளையர்களுக்கு இதைப் போட்டிருந்தால் அநேகமாகத் தயங்கி நின்றிருப்பார்கள். யார் நீங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். மறந்துபோன அந்தக் கோயில் பயணம் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்ப வந்திருக்கும்.

நீங்களே முடிவு செய்தால் கதை உங்களுக்கு முன்பே தெரிந்ததாகிவிடும். தாயம் விழாமல் காயை இறக்கினால் தாயக்கட்டத்தில் யாராவது ஒப்புவார்களா? எல்லோரும் பார்க்க மேசை நடுவில் பகடையை உருட்டுங்கள். விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்வதுதான் உங்கள் வேலை, அதில் உங்களுக்குச் சுதந்திரம் நிறைய இருக்கிறது.

புதுப் பட்டியலை எழுதியதும் அனுப்புங்கள். 2-க்கும் 12-க்கும் என்ன வைத்தீர்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்.