வெள்ளி விழாப் பயணமும் குலுங்கும் விமானமும்: நியூசிலாந்து கேள்வி பதில்

கேள்வி: வரும் ஆவணியில் எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம். நியூசிலாந்து போவதென்று என் வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். சென்னை, சிங்கப்பூர், கிறைஸ்ட்சர்ச், அங்கிருந்து குயின்ஸ்டவுன். பிறகு சின்ன விமானத்தில் மில்ஃபோர்டு சவுண்ட் (மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் இடம்), ஹெலிகாப்டரில் பனியாறு. விமானம் லேசாக ஆடினாலே எனக்குக் கை கால் நடுங்கும். குயின்ஸ்டவுனில் விமானம் இறங்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. மலைகளுக்கு நடுவே அப்படி இறங்குவது பாதுகாப்புதானா? அவர் ஆசையைக் கெடுக்கவும் மனமில்லை.
வாசகி, கோவை

பதில்: முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஆவணி என்பது அங்கே குளிர் முடிந்து வசந்தம் தொடங்கும் நேரம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மேற்குக் காற்று பலமாக அடிக்கும். நீங்கள் போகும் ஊர்களெல்லாம் இருக்கும் தென் தீவின் நீளத்துக்கும் மதில் போல நிற்கிறது சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் உச்சியான ஆவோராகி 3,724 மீட்டர். கடலைக் கடந்து வரும் காற்று அந்த மதிலில் ஏறி, மறுபக்கம் இறங்கி, அலையலையாகப் போகும். ஆற்றில் மூழ்கிய பாறையைத் தாண்டியும் தண்ணீர் சிறிது தூரம் மேடும் பள்ளமுமாக ஓடுமே, அதேதான். வானத்தில் தட்டைக் கவிழ்த்தது போன்ற வழுவழுப்பான மேகம் நகராமல் நின்றால், அங்கே அந்த அலை இருக்கிறது என்று பொருள். பிப்ரவரி, மார்ச்சில் காற்று பொதுவாக அடங்கியிருக்கும். கல்யாண நாளை வீட்டில் பாயசத்தோடு கொண்டாடிவிட்டு, மாசியில் கிளம்புங்கள்.

அடுத்து, நீண்ட பயணம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் சுமார் 10 மணி நேரம். சிங்கப்பூரை விட்டதும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இடிமேகங்கள் இருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு மேலே அதிக உயரத்தில் ஓடும் வேகமான காற்று குறுக்கிடலாம். இந்த இரண்டு இடத்திலும் ஆட்டம் வருவது சகஜம். விமானம் உடைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். பறக்கும்போது வரக்கூடிய மிக அதிகமான சுமையைக் கணக்கிட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்படிதான் இறக்கையைக் கட்ட வேண்டும் என்பது விதி. 1995-இல் போயிங் 777-இன் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் வளைத்துக்கொண்டே போனார்கள். 154 சதவீதத்தில்தான் அது முறிந்தது.

ஆட்டத்தில் அடிபடுவது பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அந்த விமானம் இறங்கிய உயரம் வெறும் 54 மீட்டர். ஆனால் அது ஐந்து விநாடிக்குள் நடந்ததால், பெல்ட் இல்லாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். ஆகவே பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும், தூங்கினாலும் பெல்ட்டை அவிழ்க்காதீர்கள். வயிற்றின் மேல் போடக் கூடாது. இடுப்பெலும்பின் மேல், இறுக்கமாக. போர்வைக்கு மேலே போட்டால் பணிப்பெண் உங்களை எழுப்பிச் சரிபார்க்க வேண்டியிருக்காது. இருக்கை இறக்கைக்கு நேராக இருக்கட்டும். வால்பக்கம்தான் ஆட்டம் அதிகம் தெரியும்.

பயத்தில் பாதி, சத்தத்திலிருந்து வருகிறது. ஏர்பஸ் 320 கிளம்பும் முன் தரையிலேயே, காலடியில் நாய் குரைப்பது போல, ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம் கேட்கும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சரிசெய்யும் பம்பு அது. மேலேறிய சில நொடியில் ‘தொப்’ என்றால், சக்கரம் உள்ளே போய்க் கதவு மூடிக்கொள்கிறது. ஒரு நிமிடம் கழித்து எஞ்சின் சத்தம் திடீரென்று குறைந்து, வயிறு கீழே போவது போல இருக்கும். தரையிலிருந்து எழும்பத் தேவைப்பட்ட எஞ்சின் விசை இனி அவ்வளவு தேவையில்லை என்று விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இறங்கும்போது இறக்கையின் மேல்பக்கம் பலகைகள் எழுந்து நின்று உடம்பே அதிரும். அது வேகத்தைக் குறைக்கும் தடுப்பு.

இப்போது குயின்ஸ்டவுன். ஓடுபாதை 2 கிலோமீட்டருக்கும் குறைவு, சுற்றிலும் மலை; அதை மறைக்க முடியாது. அதனால்தான் அங்கே இறங்கும் விமானிகளுக்கு அந்த இடத்துக்கென்றே தனிப் பயிற்சி. செயற்கைக்கோள் துணையோடு முன்கூட்டியே வரைந்து வைத்த வளைவான பாதையில் விமானம் வருகிறது. வீடியோவில் அது தடுமாறித் திரும்புவது போலத் தெரிவது, அந்தக் கோட்டைப் பிடித்து வருவதுதான். குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை தெரியவில்லை, அல்லது காற்று வரம்பை மீறுகிறது என்றால், எஞ்சின் இரைய மூக்கைத் தூக்கி மறுபடி மேலே ஏறிவிடுவார்கள். ஜன்னலில் மலை தெரிய, முதுகு இருக்கையில் அழுந்தும். எல்லோரும் பயப்படும் நொடி இதுதான். ஆனால் அன்றைக்கு மிகச் சரியாக நடந்த காரியமும் அதுதான். விமானி இறங்காமல் மேலே ஏறும்போது மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று சுற்றி வந்து மறுபடி முயல்வார்கள், அல்லது இன்வர்கார்கில், டனீடன், கிறைஸ்ட்சர்ச் எங்காவது கொண்டுபோய் இறக்குவார்கள். இன்வர்கார்கிலிலிருந்து குயின்ஸ்டவுனுக்குச் சாலையில் சுமார் இரண்டரை மணி நேரம். அதனால் போய் இறங்கும் நாளில் விடுதியைத் தவிர எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

அதற்கும் மனம் ஒப்பவில்லையா? கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கார் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 480 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினால் 6 மணி நேரம். அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள, செல்லுபடியாகும் நம் ஊர் ஓட்டுநர் உரிமம் போதும். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே ஓட்டாமல், ஒரு இரவு தூங்கி எழுந்து கிளம்புங்கள். நடுவே டெகாப்போ ஏரிக்கரையில் இன்னொரு இரவு தங்கலாம். அந்த ஏரியின் நீலத்தைப் பார்க்கவே இந்த வழியைத்தான் நாங்கள் சொல்வோம்.

நடுக்கம் தொடங்கினால் மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருந்தால்தான் இதயத் துடிப்பு இறங்கும். தூக்க மாத்திரையோ பதற்ற மாத்திரையோ டாக்டர் சொல்லாமல் வேண்டாம். சொன்னாலும், வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டே எடுத்துச் செல்லுங்கள். மதுவோடு சேர்த்தால் மூச்சே மந்தமாகும். அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் நியூசிலாந்தில் கட்டுப்பாட்டு மருந்து: மருந்துச் சீட்டோடு, அசல் அட்டையோடு, ஒரு மாதத்துக்கு மேற்படாமல் கொண்டுபோய், இறங்கியதும் அறிவிக்க வேண்டும்.

கேள்வி: மில்ஃபோர்டு சவுண்டுக்குச் சின்ன விமானம் பதிவு செய்து, இரண்டு நாளும் ரத்தாகி ஏமாந்து திரும்பியதாக நண்பர் சொன்னார். எங்களுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. ஏமாறாமல் இருக்க என்ன வழி?
வாசகர், ஈரோடு

பதில்: மில்ஃபோர்டில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை சுமார் 6,800 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. ஓடுபாதையோ 800 மீட்டருக்கும் சற்றுக் குறைவு, செங்குத்தான மலைகளின் அடியில். ஆகவே ரத்தாவதும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி.

மில்ஃபோர்டை குயின்ஸ்டவுனில் இறங்கிய மறுநாளுக்கே வையுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால் அடுத்த வாய்ப்பே இருக்காது. மூன்று இரவாவது குயின்ஸ்டவுனில் தங்குங்கள். காலை விமானத்தைக் கேளுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா, மறுநாளுக்கு மாற்றுவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

பஸ்ஸில் போய், படகில் சுற்றி, விமானத்தில் திரும்பும் திட்டத்தை எங்கள் முதல் தேர்வாகச் சொல்வோம். சாலை வழி 288 கிலோமீட்டர், ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகும். விமானத்தில் 35 முதல் 40 நிமிடம். பஸ்ஸில் போனால் மலையைக் குடைந்த ஹோமர் சுரங்கம், அதைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கும் பள்ளத்தாக்கு எல்லாம் கிடைக்கும். திரும்பும் விமானம் கிளம்பாவிட்டால் பஸ்ஸில் இடம் தருவார்களா என்று பதிவின்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை நாளென்று படகை விட்டுவிடாதீர்கள். மழையில்தான் பாறை முழுக்க நூற்றுக்கணக்கான அருவிகள் விழும். வெயில் நாளில் எண்ணி இரண்டு பெரிய அருவிதான் மிஞ்சும்.

சின்ன விமானம் பெரியதைவிட அதிகம் ஆடும். எடை குறைவு என்பதால் ஒவ்வொரு காற்றுக்கும் அசையும். தரையைத் தொடும் தறுவாயில் ‘பீ’ என்று ஒரு ஊதல் கேட்கலாம். பறக்கத் தேவையான வேகம் குறைந்துவருவதைச் சொல்லும் எச்சரிக்கை ஒலி அது; தரையைத் தொடும் நேரத்தில் அது இயல்பு, பயப்பட வேண்டாம். வாந்தி வருமென்றால் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. போட்டவர் அன்று கார் ஓட்டக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்கள்” என்று விமானியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனியாற்றில் ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அன்றைய வானிலை பறக்க ஏற்றதாக இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. வேண்டாமென்று சொல்லும் விமானிக்கு நன்றி சொல்லிவிட்டு, மீதமிருக்கும் இன்னொரு நாளுக்குக் கேளுங்கள். அந்த இன்னொரு நாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். பத்து நாளில் எட்டு ஊர் என்று போட்டால் அது இருக்காது. தென் தீவு மட்டும் போதும், வட தீவை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது, சர்வதேச விமானத்துக்கு முந்தின இரவே கிறைஸ்ட்சர்ச் வந்துவிடுங்கள். உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டில் எடுத்திருந்தால், அது தாமதமாகி நீங்கள் பெரிய விமானத்தைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேள்வி: சின்ன விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்ப்பார்களாமே? நான் 104 கிலோ.
வாசகி, திருச்சி

பதில்: பார்ப்பார்கள். யார் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு எரிபொருள் போடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். பதிவு செய்யும்போதே உண்மை எடையைச் சொல்லிவிட்டால் கவுன்டரில் கேள்வி எழாது. குறைத்துச் சொல்லாதீர்கள், அது உங்கள் பாதுகாப்பையே பாதிக்கும். ஒரு வரம்புக்கு மேல் ஹெலிகாப்டரில் கூடுதல் கட்டணம் கேட்கலாம்.

கேள்வி: கணவருக்கு 53 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். கண்ணாடி பவரும் அதிகம். கல்யாண நாளுக்கு இருவரும் குயின்ஸ்டவுன் பக்கத்தில் இருக்கும் கவராவ் பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிப் ‘பஞ்சி’ குதிக்க வேண்டும் என்கிறார்.
வாசகி, மதுரை

பதில்: 43 மீட்டர்தான் என்றாலும், அவர் குதிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கயிறு இழுபடும் நொடியில் தலைகீழாகத் தொங்குவதால் தலையிலும் கண்ணிலும் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்கலாம். குதித்தபின் விழித்திரையில் ரத்தம் கசிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கட்டாயம் வேண்டுமென்றால், கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்து, இதய மருத்துவரும் சரியென்று எழுதித் தந்த பிறகு பார்க்கலாம். அங்கே விபத்தில் அடிபட்டால் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்கும். மாரடைப்பு போன்ற நோய்க்கு அது பொருந்தாது. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதினீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: விமானம் இறங்கும்போது காது வெடிப்பது போல வலிக்கிறது. நீண்ட பயணத்தில் காலும் வீங்குகிறது.
வாசகர், தஞ்சாவூர்

பதில்: இறங்கத் தொடங்கியதும் தூங்காதீர்கள், எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள், மிட்டாய் சப்புங்கள். மூக்கை மூடி மெதுவாக ஊதலாம், பலமாக ஊதக் கூடாது. சளி இருந்தால் சைலோமெட்டசோலின் மூக்குச் சொட்டு, இறங்குவதற்கு அரை மணி முன்பு. ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கடும் சளியென்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். ஏற்கெனவே உறைவு வந்தவர்களும் சமீபத்தில் அறுவை செய்தவர்களும் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: பருப்புப் பொடி, மாவடு, நெய் கொண்டுபோகலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: எது வைத்திருந்தாலும், ஒரு பாக்கெட் முறுக்கு என்றாலும், வருகை அறிவிப்பில் ‘ஆம்’ என்று குறியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மலையேறும் ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். அதையும் திருப்பிப் பார்ப்பார்கள்.