பிங்கோ பின்பால் மெஷின் வாங்கிச் சேர்க்கலாமா?

கேள்வி: ஐயா, சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்கிறார்கள். அதில் பாலி நிறுவனம் 1962-ல் செய்த 'கோல்டன் கேட்' பிங்கோ பின்பால் மெஷின் ஒன்று இருக்கிறது. 900 டாலர் சொல்கிறார்கள். இப்போது ஓடவில்லை. பின்னாளில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: தம்பி, விலை ஏறும் என்று நினைத்து வாங்குவதானால் வேண்டாம். உள்ளே திறந்து, பழுது பார்த்து, ஓடவைக்கும் ஆசை இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் 900-க்கு இல்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்பால் என்பது காசு போட்டு, சாய்ந்த பலகையில் பந்தை ஓடவிட்டு ஆடும் மெஷின். வழக்கமான பின்பாலில் பந்தைத் தட்டிவிட ஃபிளிப்பர்கள் இருக்கும். பிங்கோவில் அது கிடையாது. சாய்ந்த பலகையில் 1 முதல் 25 வரை எண் போட்ட குழிகள். பெரும்பாலும் ஐந்து பந்துகள். ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் பந்து மேலே போய், ஆணிகளிலும் ரப்பர் வளையங்களிலும் முட்டிக்கொண்டே இறங்கி ஏதாவது ஒரு குழியில் உட்கார்ந்துவிடும். உடனே ஆடுகிறவருக்கு எதிரே நிற்கும் தலைப்பெட்டியின் படக்கண்ணாடியில் (இதைத்தான் பின்கண்ணாடி என்பார்கள்) அந்த எண் எரியும். மூன்று, நான்கு, ஐந்து எண்கள் அங்கே ஒரே கோட்டில் சேர்ந்தால் வெற்றி. உங்கள் கோல்டன் கேட் 'மேஜிக் ஸ்கிரீன்' வகை: எண்கள் உள்ள திரையையே பக்கவாட்டில் நகர்த்தலாம், ஒரே வண்ணப் பகுதியில் எத்தனை எண் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. பந்தின் போக்கை மாற்ற மெஷினைப் பக்குவமாக அசைக்க வேண்டும். அதிகமாக அசைத்தால் 'டில்ட்', ஆட்டம் போச்சு.

சிகாகோவின் யுனைடெட், பாலி இரண்டு நிறுவனங்களுமே 1951-ல் பிங்கோ மெஷினைக் கொண்டுவந்தன. மெஷின் காசு கொட்டாது, இலவச ஆட்டங்களை மட்டும் எண்ணிக் காட்டும். கடைக்காரர் அதைப் பார்த்துக் கையில் பணம் கொடுப்பார். அதனால் 1957-ல் கோர்பன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி மெஷினைச் சூதாட்டக் கருவி என்றே தீர்ப்பளித்தது. அப்போது பொழுதுபோக்கு மெஷினுக்கு ஆண்டுக்கு 10 டாலர் வரி என்றால் இதற்கு 250. பெல்ஜியத்தில் கதை வேறு, அங்கே கஃபேக்களில் இன்றும் சட்டப்படி பிங்கோ ஆடுகிறார்கள்.

நான் சென்னைத் தொலைபேசி இணைப்பகத்தில், டயல் சுற்றினால் தானாக இணைப்புக் கொடுக்கும் பழைய ஸ்ட்ரோஜர் கருவிகளோடு வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்தபோது 'பீச் கிளப்' என்ற 1953 பாலி மெஷினை 400 டாலருக்கு வாங்கினேன். பின்கதவைத் திறந்ததும் கண் கலங்கிவிட்டது. மின்சாரத்தால் திறந்து மூடும் அதே ரிலே சுவிட்சுகள், அதே மாதிரி படிப்படியாக நகரும் ஸ்டெப்பர்கள், தகட்டின் மேல் உரசிச் சுழலும் வைப்பர்கள்! ஸ்ட்ரோஜர் கருவிகள் செய்த ஆட்டோமேட்டிக் எலெக்ட்ரிக் நிறுவனமும் சிகாகோவில்தான் இருந்தது.

அதில் என் மனம் கவர்ந்தது 'ரிஃப்ளெக்ஸ் யூனிட்'. ஆடுகிறவர் ஜெயிக்க ஜெயிக்க அது ஒவ்வொரு படியாக நகர்ந்து, கூடுதல் காசுக்குக் கிடைக்கும் சலுகைகளை இறுக்கும். காசு போடப் போடத் தளர்த்தும். சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. பல்சக்கரமும் செம்புத் தொடுமுனைகளும் சேர்ந்து கடைக்காரரின் லாபத்தைக் காவல் காத்திருக்கின்றன. இதைச் செய்தவர்களை நான் பெரிய பொறியாளர்கள் என்றே மதிக்கிறேன். பிங்கோவைச் சேர்க்கலாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஃபிளிப்பர் மெஷின் தேடுகிறவர்கள் பலர் இதைத் தொடமாட்டார்கள், பழுது பார்ப்பவர்களும் குறைவு. விலை ஏறாததற்கு அதுவே காரணம். என்னிடம் விற்றவர், "மூடி வைக்கும்போது நன்றாக ஓடியது" என்றார். மோட்டார் சுற்றியது, ஒரு எண்கூட எரியவில்லை. ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் கோந்தாக இறுகியிருந்தது. கழற்றித் துடைத்து மாட்ட ஆறு வாரம் ஆயிற்று.

சரி, போய்ப் பார்க்கும்போது முதலில் பின்கண்ணாடியைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்திருந்தால் பழைய அழகு திரும்புவது கடினம். தலைப்பெட்டியையும் உடலையும் இணைக்கும் பிளக்குகளில் வயர் வெட்டுப்பட்டிருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்து, உள்ளே சர்க்யூட் வரைபடமும் இருந்தால் 500 வரை போகலாம். இத்தகைய மெஷினை வீட்டில் வைப்பதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு சட்டம்; உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். கிரீஸ் இறுகிய மெஷினுக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். ஸ்டெப்பர் ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்திப் பாருங்கள். நகராமல் இறுகி நிற்பதைக் குறித்து வைத்து, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.