வாடகை வீட்டு வாசலுக்குக் குறைந்த செலவில் கொசுவலைக் கதவு போட என்ன வழி?

ரீப்பர் கட்டை (ஓட்டுக் கூரைக்கு அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்) வாங்கி நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு 1,640 ரூபாய்தான் ஆனது. வாசலில் கிரில் கேட் இருந்தால் அதுவும் வேண்டாம். கேட்டின் உள்பக்கம் வலையை இழுத்து கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம். உங்கள் வீட்டில் கேட் இல்லை, சின்னப் பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தபோது, ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ராத்திரி கொசுவலை கட்டாமல் அவளை நான் படுக்க வைத்ததே இல்லை. ஆனால் டெங்கு கொசு கடிப்பது பகலில். காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதிகம். காற்று வரட்டும் என்று நான் வாசல் கதவைத் திறந்து வைத்ததும் அதே நேரத்தில்தான். அது இன்னும் மனதை அறுக்கிறது.

அலுமினியக் கதவுக்கு 6,800 ரூபாய் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டு வந்த கையில் அவ்வளவு இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், "நாலு சட்டத்துக்கு இவ்வளவா? நான் அடிச்சுத் தரேன்மா" என்றார். இடித்த ஓட்டு வீட்டு மரம் விற்கும் கடையில் 30 அடி பழைய ரீப்பர் 600 ரூபாய். ஆணியையெல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் ரம்பம் வைக்க வேண்டும். ஃபைபர் வலை 480. மீதி கீல், மூலைக்கு எல் பட்டை, திருகு, கைப்பிடி.

சட்டத்தைக் கோத்ததும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தால்தான் கதவு கோணாது. கீழ்க்கீல் மூலையிலிருந்து மேலே எதிர்ப்பக்கம் நோக்கி ஒரு சாய்வுக் கட்டை கொடுங்கள், தொங்காது. வலையை முதலில் மேலே அடித்து, கீழே இழுத்து அடித்து, அப்புறம் பக்கங்கள். அடியில் இரண்டடிக்கு பிளைவுட் வையுங்கள், பிள்ளைகள் காலால்தான் தள்ளுவார்கள். தரைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள சந்துக்கு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து நீளமாக அடித்தோம். சந்தை விட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

வெல்க்ரோ வலை இன்னும் மலிவாயிற்றே என்பீர்கள். ஜன்னலுக்கு நானும் அதைத்தான் ஒட்டியிருக்கிறேன். ஆளும் பிள்ளையும் நாள் முழுக்கப் போய்வரும் வாசலில், மழைக்காலச் சுவரில், அது எனக்கு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆசாரிக்குக் கூலி கொடுக்க மனமில்லை என்றும் நினைக்காதீர்கள். அன்று பணம் இல்லை, அவ்வளவுதான்.

நிலையில் திருகு போட்டால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று பயப்படுவீர்கள். காலி செய்யும்போது மரத்தூளில் ஃபெவிகால் குழைத்து ஓட்டையை அடைத்துவிட்டேன், அவர் கண்ணில் படவே இல்லை. ஆனால் பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே சுவரில் காரை பெயர்ந்துதான் இருந்தது. போட்டோ எடுத்து வைத்திருந்தும் அவர் கேட்கவில்லை. பத்து மாத அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் தரும்போது கணக்குப் பேசுவது என்ன நியாயம்? நீங்களாவது சுவர் எப்படி இருக்கிறது என்று குடிபோகும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவை விட்டுவிட்டு வரவில்லை. இப்போது மடிப்பாக்கம் வீட்டில் அதே கதவுதான் தொங்குகிறது. நிலை அகலம் அரை அங்குலம் குறைவாக இருந்ததால் ஒரு பக்கம் இழைத்தோம். வலை மட்டும் ஒரு தடவை மாற்றினேன், 510 ரூபாய் ஆனது.